நான்கு சக்கரத்திலும் காற்றில்லை

யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆண்பிள்ளை ஒருவனுக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? நானும் நம்பியிருக்கமாட்டேன். இருபத்தொன்பது வருடம் ஒரே குசினியில் தேத்தண்ணி குடித்த பிறகு, நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ரோவிலில் ஒரு நெட்போல் மைதானத்தில் வைத்துத்தான் அந்த அதிசயத்தை என் கண்ணால் கண்டேன். அதுவும் வேறு யாரோ அல்ல, என் கணவர் தருமராசா.

வினையை விலைக்கு வாங்கியது அவருடைய வாய்தான். எங்கள் மகள் நிவேதிகாவுக்கும் பொயிண்ட் குக்கில் இருக்கும் சுதர்சனுக்கும் நிச்சயதார்த்தம் நடந்தது. சுதர்சனின் தகப்பன் கோபாலகிருஷ்ணன் கோயம்புத்தூர்க்காரர். கம்ப்யூட்டர் வேலை, ஆனால் கும்பிடுவது சைக்கிளை. சனிக்கிழமை விடிந்தால் போதும், உடம்போடு ஒட்டின காற்சட்டையை மாட்டிக்கொண்டு மனைவி வேதவல்லியையும் இழுத்துக்கொண்டு வெளிக்கிட்டுவிடுவார். விருந்தில் அவர் சைக்கிள் கதை எடுத்தார். என்னுடைய இவரால் சும்மா இருக்க முடியுமா? யாழ்ப்பாணத்தான் நடக்கப் பழக முதல் சைக்கிள் ஓடப் பழகுகிறவன் என்றார். பெற்றோல் இல்லாத காலத்தில் கிளிநொச்சிக்குப் போய் ஒரு மூட்டை நெல்லோடு திரும்பி மிதித்ததாகவும் சொன்னார். அந்த நெல்மூட்டை எனக்கே புதுச் செய்தி. சபையில் மனுசனை மறிக்கக் கூடாது என்று வடையைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

கோபாலகிருஷ்ணன் அதை அப்படியே நம்பிவிட்டார். அல்பைன் மலைப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் பிரைட் என்று ஓர் ஊர். அங்கே பழைய தண்டவாளத்தைக் கிளப்பிவிட்டுச் சைக்கிளுக்கென்றே பாதை போட்டிருக்கிறார்கள். ஏப்ரலில், இந்த நாட்டு இலையுதிர் காலத்தில், இலை நிறம் மாறும்போது இரண்டு குடும்பமும் போவோம், அடுத்த ஊரான போரபங்கா வரை ஓடி ஆற்றங்கரையில் சாப்பிடுவோம் என்று வரைபடமே அனுப்பிவிட்டார்.

இவர் உடனே பெரிய மனதோடு ஒரு யோசனை சொன்னார். நீங்கள் எல்லோரும் சைக்கிளில் போங்கள், நான் சாப்பாட்டைக் காரில் ஏற்றிக்கொண்டு பின்னால் வருகிறேன் என்றார். எங்கள் சனம் எங்கே போனாலும் பின்னால் சாப்பாட்டு வாகனம் ஒன்று வரத்தானே வேண்டும்? நானும் அதை நல்ல குணம் என்றே நினைத்தேன். தொலைபேசியில் கோபாலகிருஷ்ணன் சிரித்தது எனக்கும் கேட்டது.

"அங்க காரே வரக்கூடாது சம்பந்தி. அதுக்காகத்தானே போறோம்."

இவர் முகத்தில் ஈயாடவில்லை. அடுத்த நாள் முழங்கால் நோ என்றார். அதற்கடுத்த நாள் நோ இடுப்புப் பக்கம், நாரிக்கு ஏறிவிட்டது. புதன்கிழமை வேலை முடிந்தும் ஆளைக் காணவில்லை என்று தேடிப் போனேன். மைதானத்தில், நிவேதிகா பன்னிரண்டு வயதில் ஓடிய ஊதா நிறச் சைக்கிளில் ஐம்பத்தெட்டு வயது மனுசன் ஒரு காலை நிலத்தில் இழுத்து இழுத்து வந்து, நெட்போல் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

எட்டு வயதில் விழுந்து பல் உடைந்ததாம். அதற்குப் பிறகு ஏறவே இல்லையாம். கம்பத்தை விடாமலே சொன்னார். நான் வயிறு நோகச் சிரித்தேன். சிரித்துக்கொண்டு இருக்கும்போதே ஒன்று நினைவுக்கு வந்து சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

கலியாணத்துக்கு முந்தி நான் கொக்குவிலில் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்தேன். பின்னேரம் வேலை விட்டு வெளியே வந்தால் இவர் வாசலில் நிற்பார், கையில் ஒரு சைக்கிள். ஏன் ஓடாமல் உருட்டுகிறீர்கள் என்று கேட்டால் காற்றுப் போய்விட்டது என்பார். அப்படி மூன்று மாதம், ஒவ்வொரு நாளும் காற்றுப் போன சைக்கிளை உருட்டிக்கொண்டு என் வீட்டுச் சந்தி வரை பக்கத்தில் நடந்து வந்தார். நான் என்ன முட்டாளா? என்னோடு நடப்பதற்காக மனுசன் ஓடக்கூடிய சைக்கிளை ஓடாமல் வருகிறான் என்று எனக்குள் பூரித்துப்போனேன். சீதனமும் சாதகமும் பார்த்துக் கட்டிக்கொண்ட என் சிநேகிதிகளுக்கு நடுவில் எனக்கென்று இருந்த ஒரே பெருமை அதுதான். மகளுக்கும் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். இப்போது பார்த்தால், அவருக்கு ஓடவே தெரியாது. தெரிந்திருந்தால் என்னைக் கண்டும் காணாததுபோல மணியை அடித்துவிட்டுப் போயிருப்பாரோ? இருபத்தொன்பது வருடமாக நான் பூட்டி வைத்த நகை கவரிங்கோ?

சனிக்கிழமை ரோவிலிலிருந்து பிரைட்டுக்கு நான்கு மணித்தியால ஓட்டம். இவர் இரண்டு தரம் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டுப் பார்த்தார். மடியில் இருந்த புட்டுப் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன்.

பிரைட்டில் சைக்கிள் வாடகைக்குக் கொடுக்கும் கடையில் இவர் ஹெல்மெட்டைப் பின்பக்கம் முன்னால் வரப் போட்டார். பிறகு அந்தக் கடைப் பெண்ணின் காதோரம் குனிந்து, மூன்று சக்கரம் வைத்தது ஏதும் இருக்கிறதா என்று இரகசியமாகக் கேட்டார். இல்லையாம். எனக்கு ஓடத் தெரியும், ஊரில் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்ததே சைக்கிளில்தான். சாப்பாட்டை என் முன்கூடையில் வைத்துக் கட்டினேன். நிவேதிகாவும் சுதர்சனும் காற்றாய்ப் பறந்துவிட்டார்கள். கோபாலகிருஷ்ணன் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, கிளிநொச்சி வீரர் முன்னால் போகட்டும் என்று பவ்வியமாகக் காத்து நின்றார்.

"நீங்கள் போங்கோ. நாங்கள் ஆறுதலா, மெதுவா வாறம்," என்றார் இவர்.

அவர்கள் தலை மறைந்ததும் இவர் ஏறினார். மூன்று மிதி மிதித்திருப்பார். சைக்கிள் தன்பாட்டுக்குப் பாதையை விட்டு இறங்கி, மஞ்சள் இலைக் குவியலுக்குள் போய்ப் படுத்தது. கைகொடுத்துத் தூக்கிவிட்டேன். மறுபடியும் ஏறினார், மறுபடியும் இலை. ஐந்து வயதுக் குழந்தை ஒன்று பின்னால் கொடி பறக்க எங்களைக் கடந்து போனது. எண்பது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி மணியடித்துவிட்டு, நன்றாகச் செய்கிறாய் என்று இவருக்குத் தைரியம் சொல்லிப் போனாள். அதோடு இவருடைய வீரம் தீர்ந்தது. இருவரும் சைக்கிளை உருட்டத் தொடங்கினோம்.

ஒரு காரின் சத்தம்கூட இல்லை. ஆறு ஒரு பக்கம், திராட்சைத் தோட்டம் மறுபக்கம், அதற்கு அப்பால் மலை. இரண்டு சைக்கிளும் டிக் டிக் என்று எங்களோடு வந்தன. அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். அதைக் கேட்கக் கேட்கக் கோபம் பொங்கியது, அழுகையும் கூடவே வந்தது. கேட்டேவிட்டேன்.

"அந்த மூண்டு மாசமும் ஓடத் தெரியாமல்தான் உருட்டினீங்கள். எனக்காக நடக்கேல்லை. அப்பிடித்தானே?"

இவர் ஹெல்மெட்டின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஓடத் தெரியாதவன் என்னத்துக்கப்பா சைக்கிளோட வாறான்?" என்றார். "அது என்ர சிநேகிதன் அருந்தவன்ர சைக்கிள். ஒவ்வொரு நாளும் இரவல் வாங்கி, உம்மட சங்கத்துக்கு ரெண்டு மைல் உருட்டிக்கொண்டு வாறனான். வெறுங்கையோட உம்மோட நடந்தால் சனம் கதைக்கும். சைக்கிளோட நடந்தால், பாவம், காத்துப் போட்டுது எண்டு விட்டிடும்."

"காத்து இருந்ததோ?"

"வாசலுக்கு வர முதல் நான்தான் காத்தைத் திறந்து விடுறனான். யாரும் ஏத்திக்கொண்டு போகச் சொல்லிக் கேட்டால் என்ன செய்யிறது? பிறகு பம்ப் அடிச்சுத்தான் அவனிட்டக் குடுப்பன். மூண்டு மாசமும் கையெல்லாம் கொப்புளம்."

நான் அப்படியே நின்றுவிட்டேன். இந்த மனுசனை என்ன செய்வது? நான் கணக்குப் போட்டது ஓடக்கூடிய சைக்கிளை ஓடாமல் வந்தவனுக்கு. இவரோ ஓடவே முடியாத சைக்கிளைப் போகவும் வரவும் உருட்டி, காற்றைத் திறந்து, காற்றை அடித்து, ஒருவருக்கும் சொல்லாமல் இருந்திருக்கிறார். ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் ஓடத் தெரியாதென்று தெரிந்துவிடுமே என்றார். அவருடைய ஹெல்மெட்டில் ஒட்டியிருந்த இலையைத் தட்டிவிட்டேன், கொஞ்சம் பலமாகவே.

அப்போது தொலைபேசி அடித்தது. கோபாலகிருஷ்ணன்தான். எல்லோரும் போரபங்காவில் பசியோடு ஆற்றைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்களாம், புட்டோ என் கூடையில். இவர் என்னைப் பார்த்த பார்வையில் கிளிநொச்சியும் நெல்மூட்டையும் சரிந்து விழப்போவது தெரிந்தது.

"காத்துப் போட்டுது அண்ணை," என்றேன்.

"ரெண்டு சைக்கிளுக்குமா?"

"ஓம். ரெண்டுக்கும்தான்."

பெரிய பிழை விட்டுவிட்டேன் என்பது அவர் அடுத்ததாகச் சொன்னதில்தான் விளங்கியது. இருங்கள், பம்ப் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று வைத்துவிட்டார். பதினைந்து நிமிடத்தில் வியர்க்க விறுவிறுக்க வந்து குதித்தார். பம்பைக் கழற்றிக்கொண்டு இவருடைய முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினார். பெருவிரலால் அமத்திப் பார்த்தார். கல்லுப்போல இருந்தது. பின்சக்கரத்தையும் பார்த்தார், என்னுடையதையும் பார்த்தார். பிறகு இவருடைய காற்சட்டையில் முழங்கால் வரை ஒட்டியிருந்த இலையையும் பார்த்தார்.

அவர் எழுந்து பம்பைத் தன் சைக்கிளிலேயே திரும்ப மாட்டினார்.

"ஆமா சம்பந்தி, சுத்தமா காத்தே இல்ல," என்றார். "இத பம்ப் அடிச்செல்லாம் சரி பண்ண முடியாது. வாங்க, நானும் உருட்டிட்டே வர்றேன்."

என் மகள் நல்ல இடத்துக்குத்தான் போகிறாள் என்று அந்த இடத்தில் வைத்து முடிவு செய்தேன். அவர் முன்னால் உருட்டிக்கொண்டு போனார். நானும் இவரும் பின்னால் போனோம். கொஞ்சத் தூரம் போனதும் இவர் என் பக்கம் சாய்ந்தார், முகமெல்லாம் கவலை.

"என்னப்பா, உண்மையாவே காத்துப் போட்டுதோ?"