சத்தம் மட்டும் வந்த நிக்காஹ்

...சத்தம் வருகிறது, படம்தான் வரவில்லை, மறுபடியும் அதே கறுப்புக் கட்டம், அதற்குள்ளிருந்து நிக்காஹ் ஓதுகிற ஹஜ்ரத்தின் குரல், ஃபேன் சுற்றுகிற ஓசை, யாரோ இருமுகிறார்கள், ஆஃபியா நாற்காலியைக் கம்ப்யூட்டர் பக்கம் இன்னும் இழுத்துப் போட்டுக்கொண்டாள். விடுவதாக இல்லை. பெற்ற அத்தாவின் பிடிவாதம் அப்படியே இவளுக்கு என்று பொழிச்சலூரில் சொல்லாத ஆளில்லை, சொல்லட்டும், இன்றைக்காவது அது உதவட்டும். அவளுடைய நிக்காஹ்தான், அவளே பார்க்காத நிக்காஹ். ஆண்கள் பள்ளிவாசலுக்குள், பெண்கள் பக்கத்து மண்டபத்தில், நடுவில் ஒரு ஸ்பீக்கர், அவ்வளவுதான் தொடர்பு. உள்ளே வீடியோ கூடாது என்று ஜமாஅத் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது, பெரியம்மா மகன் அதீப் மட்டும் சின்ன கேமராவில் கமுக்கமாக எடுத்திருக்கிறான், எடுத்தவன் அதோடு துபாய்க்குப் போய்விட்டான், இப்போதுதான் சிடியில் போட்டு அனுப்பத் தோன்றியிருக்கிறது மகராசனுக்கு. இதோ, இந்த இடம்... "சொல்லுங்க பாய்" என்கிறார் ஹஜ்ரத், அப்புறம் ஒன்றுமில்லை, ஃபேன் மட்டும். அன்றைக்கும் ஸ்பீக்கரில் இப்படித்தான், மண்டபத்தில் அத்தனை பெண்களும் இவள் முகத்தையே பார்த்தார்கள், பெண்ணைக் கொடுத்தேன் என்று அத்தா சொல்வாரா மாட்டாரா... பம்மலில் ஃபிரிட்ஜ் ரிப்பேர் பண்ணுகிற ஜாபரா உனக்கு மாப்பிள்ளை என்று மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாதவர்... கடைசியில் "கொடுத்தேன்" என்றார், ஆனால் அந்த இடைவெளி? மனசில்லாமல்தான் கொடுத்தாரா? கேட்டிருக்கலாம், பயம், அடுத்த நோன்பு வருவதற்குள் மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார். ஜாபரைக் கேட்டால் எப்போதும் ஒரே பதில், "மைக் மக்கர் பண்ணுச்சும்மா, வேற ஒண்ணும் இல்ல." அந்த நேரத்து முகத்தைப் பார்த்துவிட்டால் போதும், அத்தாவின் முகத்துக்கு எதையும் மறைக்கத் தெரியாது.

காலையில் தம்பி உஸாமா வந்தான், ஃபைல் பேரில் கடைசியாக இருக்கிற மூன்று எழுத்தை மாற்றினால் ஓடும் என்றான், சிடியிலிருந்து கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு மாற்றினான், கழுதைக்குக் குதிரை என்று பேர் வைத்தால் பந்தயத்தில் ஓடிவிடுமா, கூடவே சத்தமும் போனது. அவன் கிளம்பியதும் பழைய பேரையே வைத்தாள், சத்தமாவது திரும்பியது. பிறகு யாரையோ விசாரித்துவிட்டு போன் பண்ணினான், "கோடெக் இல்லக்கா, படத்தை மடிச்சுக் கட்டி வெச்சிருக்கு, பிரிக்கத் தெரிஞ்சது உன் சிஸ்டத்துல இல்ல, வேற பிளேயர் இறக்கு." இறக்கினாள், பாதி வந்தபோது அதே உஸாமா அக்கறையாக, "வந்துச்சாக்கா?" என்று திரும்ப போன் பண்ண, அதே போன் லைனில் வருகிற நெட் அறுந்தது. "நீ போன் பண்ணாம இருந்தாலே வந்துடும்டா," என்று வைத்துவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும், இது அம்மியைவிடவா கனம்... உலையை இறக்கிவிட்டு வந்தாள், வீட்டுக்கு மேலே விமானம் ஒன்று பக்கத்து ஏர்போர்ட்டுக்கு இறங்கிப் போனது, பச்சைக் கோடு மெல்ல மெல்ல நிறைந்தது, ரோட்டில் பள்ளம் தோண்டினால் வைப்பார்களே அந்த மாதிரி ஒரு ஆரஞ்சுக் கூம்பு, அதுதான் புது பிளேயராம், திரையில் வந்து உட்கார்ந்தது. ஃபைலை அதில் இழுத்துப் போட்டு அமுக்கினாள்.

படம்... யா அல்லாஹ், அத்தா. வெள்ளைத் தொப்பி, அவள் இஸ்திரி போட்டுக் கொடுத்த ஜிப்பா, எதிரே ஜாபர். ஹஜ்ரத் மைக்கை நீட்டுகிறார், சொல்லுங்க பாய், அத்தா அதை வாங்கி, வாயருகே கொண்டுபோகாமல் உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொள்கிறார், ஜாபரின் காதுப் பக்கம் குனிகிறார், ஏதோ சொல்கிறார், ஜாபர் தலையாட்டுகிறான், அத்தாவுக்குப் போதவில்லை, திரும்பவும் சொல்கிறார், ஜாபர் அவருடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொள்கிறான், அத்தாவின் முகத்தில்... சிரிப்பு, சந்தேகமே இல்லை, சிரிப்புதான். அப்புறம் கையை எடுத்துவிட்டு, கொடுத்தேன். ஆஃபியாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அழுதுகொண்டே பின்னால் நகர்த்தினாள், மறுபடியும் பார்த்தாள், மறுபடியும், என்ன சொல்கிறார், தாடி உதட்டை மறைக்கிறது. மைக் மக்கர் பண்ணவே இல்லை. அத்தா முகத்தைப் பார்க்க ஆரம்பித்தவள் ஜாபர் முகத்தை அல்லவா பார்த்துக்கொண்டிருக்கிறாள்... மனசில்லாமல் கொடுத்தார் என்று எத்தனை தடவை இவனிடமே அழுதிருக்கிறாள், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, கல்லா இவன்? கல் இல்லை, அதுவும் தெரியும்... அப்படியானால் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டதே அத்தாதானோ?