முடி வெட்டாத தெரு

தன் மூத்த குழந்தை தட்டம்மையில் போன பிறகு சலூன்காரர் கடைக்கு ஒரு புது விதி கொண்டுவந்தார். தடுப்பூசி போடாத பிள்ளைக்கு முடி வெட்டுவதில்லை.

"முடிக்கும் ஊசிக்கும் என்னண்ணே சம்பந்தம்?" என்றார்கள்.

"ஒண்ணுமில்லை. ஊசி அட்டையை எடுத்துட்டு வாங்க."

கடைக்குப் பின்னால் ஒரே அறை. இரண்டுக்கும் நடுவே ஒரு திரைத்துணி. உள்ளே அவர் மனைவி, அடுத்துப் பிறந்த கைக்குழந்தை. குழந்தைக்கு ஊசி போடும் மாதம் இன்னும் வரவில்லை. மூத்தவன் அந்த மாதம் வருவதற்குள் போய்விட்டவன். கடைக்கு வந்த எந்தப் பிள்ளையிடமிருந்து தொற்றியது என்று யாருக்கும் தெரியாது. அவர் விசாரிக்கவும் இல்லை.

நெளியும் பிள்ளைகளுக்குப் பொறுமையாக வெட்ட அந்த வட்டாரத்தில் வேறு ஆள் கிடையாது. ஆகவே, எந்தெந்த வீட்டில் ஊசி போடவில்லை என்பது கொஞ்ச நாளில் தெருவைப் பார்த்தாலே தெரிந்தது. பாதிப் பிள்ளைகளுக்கு முடி கண்ணை மறைத்தது. ஒருவன் பந்தை உதைக்கப்போய் நாயை உதைத்தான்.

அடுத்த வீட்டில் இருந்த அவருடைய அக்கா தன் மகனை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"ஏண்டா, சொந்த மருமகனுக்குமா?"

"அட்டை எங்கக்கா?"

"அதான் எல்லாரும் போட்டுட்டாங்களே! நோய் எந்த வழியா வரும்? இவன் ஒருத்தன் போடலைன்னா குடியா முழுகிடும்?"

சலூன்காரர் சீப்பால் தெருவைக் காட்டினார். "அந்த ஒருத்தன் எல்லாம் அங்கதான் விளையாடுறாங்க, பாரு."

அக்கா பார்த்தாள். "பெரிய மனுஷன்தான் போ" என்று வீட்டுக்குப் போய்த் தானே வெட்டினாள். மறுநாள் பையன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்றான். மாலையில் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே இருவரும் கடைக்கு வந்தார்கள்.

"ரொம்ப வலிச்சுது மாமா."

துண்டை அவிழ்த்தார். எலி கடித்த பாய் மாதிரி இருந்தது.

"தெரியுது" என்றார்.

"டேய், அவன் ஊசியைச் சொல்றான்டா!"

அக்காவே இறங்கிவந்துவிட்டாள் என்றதும் மற்றவர்களும் அட்டையோடு வந்தார்கள். நாற்காலிக் கைகளின் மேல் பலகையைப் போட்டு உட்காரவைத்து, விடாமல் வெட்டினார். தரையெல்லாம் முடி.

மழைக்காலத்தில் கடைசி வீட்டுக்கு விருந்து வந்த பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு, உடம்பெல்லாம் தடிப்பு எழும்பியது. அதற்கு முந்தின நாள்தான் அது தெருப் பிள்ளைகளோடு விழுந்து புரண்டு விளையாடியிருந்தது. தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. அம்மை வேறு வீடு ஏறவில்லை.

கைக்குழந்தைக்கு ஊசி மாதம் வந்தது. ஊசி போட்டுச் சில வாரம் கழித்து, மனைவி திரைத்துணியைத் தூக்கி ஆணியில் மாட்டினாள். சலூன்காரர் குழந்தையைப் பலகையில் உட்காரவைத்தார். அது கண்ணாடியில் தெரிந்த அப்பாவைப் பார்த்து மிரண்டது.

வாசலில் அக்கா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"அட்டை எங்கடா?"

சட்டைப் பையில் இரண்டு இருந்தன. புதியதை எடுத்துக் காட்டினார்.