முந்தைய மதத்தை விட்ட தேதி

ஆலய அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக எழுத்தராக இருக்கிற அம்மாள், ஒரே ஒரு கட்டத்தை நிரப்ப முடியாமல் மூன்று வாரம் தவித்தாள் என்றால் நம்புவது கஷ்டம்தான். பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் என்று சபையில் பாதிப் பேருடைய கதை அவள் விரல் நுனியில் இருந்தது. ஆனால் தலைமை அலுவலகம் அனுப்பிய புதுக் கணினிப் படிவம் அவளையே ஆட்டிப் படைத்தது. சிவப்புப் புள்ளி வைத்த கட்டம் எதையும் காலியாக விடக் கூடாது. விட்டால் போன வேகத்தில் படிவம் திரும்பி வந்துவிடும்.

திரும்பித் திரும்பி வந்தது அவளுடைய அண்ணியின் படிவம்.

அண்ணி யூதக் குடும்பத்தில் பிறந்தவள். அண்ணனைக் காதலித்துக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குள் வந்தபோது எழுத்தரம்மாவுக்கு ஒன்பது வயது, தாய் இல்லை. தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியது அண்ணி. தட்டச்சு கற்றுக்கொடுத்தது அண்ணி. வயசுக்கு வந்த பெண்ணுக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னதும் அண்ணி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றித் தன் அம்மா சொல்லிக்கொடுத்த ஜெபத்தைச் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பாள். நாற்பத்து மூன்று வருடமாக இரண்டில் ஒன்றுகூடத் தவறியதில்லை. அண்ணன் இருந்தவரை இதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அண்ணன் போன வருடம் கண்ணை மூடினார். இரண்டு பேருக்கும் சேர்த்தே கல்லறையில் இடம் வைத்திருந்தார். கல்லில் ஒரு பாதியில் அவர் பெயர், மறுபாதி வெறுமை. இப்போது புது விதி வந்திருக்கிறது. இந்த மாதக் கடைசிக்குள் பதிவேட்டில் பெயர் ஏறாதவர்களுக்கு அந்தக் கல்லறையில் இடமில்லை.

படிவத்தில் ஞானஸ்நானத் தேதிக்குப் புள்ளி கிடையாது, கைக்குழந்தைகளை உத்தேசித்து விட்டுவைத்திருந்தார்கள். ஆனால் 'பிறந்த மதம்' என்ற இடத்தில் கிறிஸ்தவம் அல்லாத எதைப் போட்டாலும் கீழே புதிதாக ஒரு கட்டம் முளைத்தது: 'முந்தைய மதத்தை விட்ட தேதி'. அதற்குச் சிவப்புப் புள்ளி.

"ஏதாவது ஒரு தேதியப் போட்டுடலாம் அண்ணி," என்று எழுத்தரம்மா கெஞ்சிப் பார்த்தாள். "உங்க கல்யாணத் தேதியையே போடறேன். யார் வந்து கேக்கப் போறாங்க?"

அண்ணி பாட்டுப் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நான் எதையும் விடலையேம்மா. பொய்த் தேதி போட்டு உங்கண்ணன் பக்கத்துல போய்ப் படுத்தா, அவர் முகம் குடுத்துப் பேசுவாரா? உயிரோட இருக்கும்போதே ஒரு பொய்க்கு மூணு நாள் பேசாத மனுஷன்."

"அப்ப இடம்?"

"அவர் பக்கத்துல இருக்கணும்னுதான் ஆசை. இல்லேன்னா என்ன பண்றது." சொல்லும்போது குரல் உடைந்தது. அதை மறைக்க அண்ணி கத்தரிக்கோலைத் தேடினாள். அது அவள் மடியிலேயே இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் எழுத்தரம்மா ஐந்தாவது முறையாக அண்ணியின் படிவத்தைப் போட்டாள். ஐந்தாவது முறையும் திரும்பியது. அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. என் அண்ணியைச் சேர்க்காத மெஷின் அப்படி யாரைத்தான் சேர்க்கும், பார்த்துவிடலாம் என்று புதிதாக ஒரு படிவத்தைத் திறந்தாள். பெயர், இயேசு. தாய், மரியாள். வளர்ந்த ஊர், நாசரேத். தொழில், தச்சர். பிறந்த மதம் என்ற இடத்தில் விரல் ஒரு கணம் நின்றது. எட்டாம் நாள் விருத்தசேதனம் செய்த பிள்ளை, ஓய்வுநாள்தோறும் ஜெபாலயத்துக்குப் போனவர், வேறென்ன போடுவது? யூதம் என்று அடித்தாள்.

கீழே கட்டம் முளைத்தது.

பைபிளை எடுத்து வைத்துக்கொண்டு நாலு சுவிசேஷத்தையும் புரட்டினாள். தேதி கிடக்கட்டும், விட்டார் என்ற பேச்சே எங்கும் இல்லை. காலியாகவே விட்டு அனுப்பினாள். பதில் வந்தது: 'விண்ணப்பம் திருப்பி அனுப்பப்படுகிறது.' அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

திருப்பி அனுப்பப்பட்டவர்களின் பெயரும் பிறந்த மதமும் போட்ட பட்டியலை ஞாயிறு காலை ஏழு மணிக்கு அச்சு எந்திரம் தானாகவே துப்பும் என்பதும், எந்திரம் எதைத் துப்பினாலும் காவல்காரர் அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுவார் என்பதும் அவளுக்குத் தெரியாததா? தெரியும். மறந்துவிட்டாள். "நான் படிக்கிறதில்லம்மா, ஒட்டறதோட சரி," என்றார் காவல்காரர் பிறகு, ஏதோ விரதம் காப்பவரைப் போல.

வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது. ஆராதனை முடிவதற்குள் பட்டியலின் படம் எல்லார் கைபேசியிலும் ஏறியது. அவரை யூதர் என்று போட்டது தப்பு என்று ஒரு கூட்டம். போட்டதுதான் சரி, திருப்பி அனுப்பியதுதான் தப்பு என்று இன்னொரு கூட்டம். அந்த மண்ணில் இன்றைக்கு அல்லல்படுகிற ஜனங்களின் ஆள் அவர் என்றார் பாடகர் குழுத் தலைவர். அவர் உலகத்துக்கே பொது, ஒரு இனத்துக்குள் அடைக்காதீர்கள் என்றார் மருந்துக்கடைக்காரர். அப்படிச் சொன்னவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிற படத்தில் இயேசுவுக்குப் பொன்னிற முடி, நீலக் கண், வெயிலே படாத தோல். அது மட்டும் பொதுவில் சேர்த்தி போலிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை சபைக் குழு கூடியது. மருந்துக்கடைக்காரர், வக்கீல், பாடகர் குழுத் தலைவர், நடுவில் போதகர். எழுத்தரம்மா ஒன்றையும் மறைக்கவில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன?

"இயேசுவையே திருப்பி அனுப்பின சபைன்னு ஊரே சிரிக்குது," என்றார் மருந்துக்கடைக்காரர். "பிறந்த மதம் கிறிஸ்தவம்னு மாத்துங்க, விஷயம் முடிஞ்சிடும்."

"அவர் பிறந்தப்ப அப்படி ஒண்ணு கிடையாதே," என்றார் போதகர்.

வக்கீல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "செய்தியெல்லாம் பாக்கறீங்கல்ல? இந்த நேரத்துல அந்த வார்த்தை போர்டுல இருந்தா நாம ஏதோ ஒரு பக்கம் சேந்த மாதிரி ஆயிடும். விட்ட தேதின்னு ஒண்ணப் போட்டுடலாம். ஞானஸ்நானம் எடுத்தன்னைக்கு விட்டதா வச்சுக்கலாமே."

"ஞானஸ்நானம் குடுத்தவரும் யூதர்தானே," என்றார் போதகர்.

"கடைசி ராப்போஜனம்?"

"அவர் சாப்பிட உக்காந்ததே பஸ்காங்கற யூதப் பண்டிகைக்குத்தான்."

"சரி, உயிர்த்தெழுந்த நாள்?"

"அன்னைக்குக் கல்லறைக்குப் போன பொண்ணுங்ககூட, யூத ஓய்வுநாள் முடியட்டும்னு காத்திருந்துதான் போனாங்க."

பக்கத்து அறையில் அண்ணி ஆர்கனில் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பழகிக்கொண்டிருந்தாள்.

எழுத்தரம்மா பட்டியலை வக்கீல் முன்னால் வைத்தாள். "அந்தக் கட்டத்துக்குச் சிவப்புப் புள்ளிய எடுத்துடலாங்க. நீங்க தீர்மானம் போட்டுக் குடுத்தா எடுக்கலாம்னு தலைமை அலுவலகமே வழி வச்சிருக்கு."

"எடுங்க, எடுங்க," என்றார் வக்கீல். "அவர் ஒருத்தருக்கு மட்டும்."

"ஒருத்தருக்குன்னு எடுக்க முடியாதுங்க. எடுத்தா எல்லாருக்கும்தான்."

வக்கீல் பட்டியலை மறுபடி பார்த்தார். இயேசுவுக்கு நேர் மேல் வரியில் இருந்த பெயரைப் பார்த்தார். பக்கத்து அறைச் சுவரைப் பார்த்தார். "உங்க அண்ணிக்காக அவரையே இழுத்து விட்டீங்களா?"

"வேணும்னு பண்ணலைங்க. ஆனா என் அண்ணிய வெளிய நிறுத்துற வாசல், அவரையும் சேத்துத்தான் நிறுத்துது. அதை நான் கண்ணால பாத்துட்டேன். இனிமே என்னால அந்தக் கட்டத்துல பொய் எழுத முடியாது. வேணும்னா வேற எழுத்தரப் பாத்துக்குங்க."

போதகர் கையைத் தூக்கினார். பாடகர் குழுத் தலைவர் தூக்கினார். அந்த ஆர்கன் இல்லாமல் அவர் குழு எந்தச் சுருதியில் பாடும் என்பது அவருக்குத் தெரியும். வக்கீல் பாதி தூக்கினார். மருந்துக்கடைக்காரர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, "என்னமோ பண்ணுங்க," என்றார்.

தீர்மானத்தில் கையெழுத்தான மறு நிமிஷமே எழுத்தரம்மா புள்ளியை எடுத்தாள். இயேசுவின் படிவத்தை அழித்தாள். அவரைப் பதிவேட்டில் ஏற்றும் யோக்கியதை தனக்கில்லை என்று அவளுக்குத் தோன்றியது. பிறகு அண்ணியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். தேதிக் கட்டத்தைக் காலியாக விட்டுத் தாண்டியபோது, அண்ணி அவள் முதுகில் கை வைத்தாள். எடுக்கவேயில்லை.

கடைசியில் ஒரு கட்டம் பாக்கியிருந்தது. விண்ணப்பதாரருக்குப் பின் தகவல் தர வேண்டிய நெருங்கிய உறவு. எழுத்தரம்மா தன் பெயரை அடித்துவிட்டு, உறவு என்ற இடத்தில் 'நாத்தனார்' என்று அடித்தாள்.

"அது தப்பு," என்றாள் அண்ணி. "மகள்னு போடு."

"பொய் எழுதக் கூடாதுன்னீங்களே அண்ணி."

"ஆமா. அதான் மாத்தச் சொல்றேன்."

எழுத்தரம்மாவுக்குத் திரை கலங்கித் தெரிந்தது. எழுத்துகளைத் தடவித் தடவித்தான் அடிக்க வேண்டியிருந்தது. படிவம் திரும்பி வரவில்லை.