சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின்

எரிகிறது என்று ஒருத்தி கத்தினால் என்ன செய்ய வேண்டும்? உடனே முகத்தைக் கழுவிவிட வேண்டும். பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் இது. அந்தத் தோல் கிளினிக்கில் என் தங்கச்சி கத்தியபோது, அங்கிருந்த உதவியாளர் அவள் கையில் ஒரு குட்டி மின்விசிறியைத் திணித்து, "எரிஞ்சாத்தாம்மா வேலை செய்யுதுன்னு அர்த்தம். காத்து காட்டிக்கோங்க" என்று சொல்லிவிட்டு, போன் பேச வெளியே போய்விட்டாளாம். என்ன நெஞ்சழுத்தம்!

தங்கச்சிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களுக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டு, எதிரே நின்று, எடுப்பாக இருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும். முகத்துக்கு நேரே நின்று செய்கிற வேலை. கன்னத்தில் பரு இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. யாருக்குத்தான் இல்லை? இவளுக்கு அது பெரிய குறையாகிவிட்டது. ஆசிட் தடவி மேல்தோலை உரித்துவிட்டால் பரு ஓடிப்போகும் என்று கிளினிக்கில் ஆசை காட்டினார்கள். அதற்கு முன்பே இரவில் பூசிக்கொள்ள ஒரு க்ரீமையும் தலையில் கட்டியிருந்தார்கள். அது தோலை மெலிதாக்கிவிடும், உரிப்பதற்குச் சில நாள் முன்பே நிறுத்தியாக வேண்டும் என்று, எல்லாம் முடிந்த பிறகு பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். விற்ற மகராசிகள் மூச்சு விடவில்லை. முந்தின இரவும் அதை அப்பிக்கொண்டுதான் இவள் போய்ப் படுத்திருக்கிறாள்.

இரண்டு கன்னமும் வெந்துபோயின. பொருக்கு உதிர்ந்த இடமெல்லாம் கருந்திட்டு. மறைய மாதக்கணக்காகும், முழுசாக மறையுமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். கடை முதலாளி தேனொழுகப் பேசி அவளைச் சரக்கறைக்கு அனுப்பினார். "முகம் சரியாகட்டும்மா, அப்புறம் கவுன்டருக்கு வா." இவளும் தலையை ஆட்டிவிட்டு, பெட்டிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டாள். அதைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கிளினிக்கில் போய்ச் சண்டை போட்டேன். "உங்க தங்கச்சி தோல் வாகு அப்படி" என்றார்கள். வெயிலில் அலைந்திருப்பாள் என்றார்கள். கடைசியில், கூட்டிக்கொண்டு வாருங்கள், சரிசெய்து தருகிறோம் என்று குழைந்தார்கள். போனோம். வெந்த முகத்தை நாலு பக்கமும் படம் எடுத்துவிட்டு, அடுத்த மாதம் வரச் சொல்லி அனுப்பினார்கள்.

அடுத்த மாதமும் போனோம். தங்கச்சி துப்பட்டாவால் முகத்தைச் சுற்றியிருந்தாள். காத்திருக்கும் அறைச் சுவரில் சட்டம் போட்ட இரண்டு படங்கள் புதிதாகத் தொங்கின. இரண்டிலும் கண்ணை மறைத்துக் கறுப்புப் பட்டை. ஆனால் தாடையில் அந்த மச்சம்! கூடப் பிறந்தவளுக்கு அது போதாதா? வெந்த முகத்தின் கீழே 'சிகிச்சைக்கு முன்' என்று எழுதியிருந்தது. முதல் நாள் அவர்கள் எடுத்த பரு முகத்தின் கீழே 'சிகிச்சைக்குப் பின்'.

அடப்பாவிகளா! மாற்றி மாட்டியிருக்கிறார்கள்.

எங்களுக்குப் பக்கத்தில் ஒரு அம்மா தன் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "பார்த்தியாடி, எப்படி இருந்த பொண்ணு எப்படி ஆயிட்டா!"

நான் எழுந்து வாயைத் திறப்பதற்குள், "மேடம், இங்க சத்தம் போடாதீங்க" என்றாள் வரவேற்பில் இருந்தவள். பழக்க தோஷம். தங்கச்சி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். துப்பட்டாவை அவிழ்த்தாள்.

"ஆன்ட்டி, அது நான்தான். ரெண்டுமே நான்தான். வரும்போது அந்த முகம். இவங்க கை பட்டதுக்கப்புறம் இந்த முகம்."

அந்த அம்மா படத்தைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், மகளின் கையை இழுத்துக்கொண்டு வெளியே நடந்தார். வரவேற்புப் பெண் படங்களைக் கழற்ற ஓடிவந்தாள். அதற்குள் தங்கச்சி 'பின்' படத்தை எடுத்துவிட்டாள்.

"அது எங்க படம், குடுங்க."

"என் மூஞ்சி உங்க படமா?" என்றாள் தங்கச்சி.

தெருவுக்கு வந்தோம். உச்சி வெயில். "மூடிக்கோடி, டாக்டர் என்ன சொன்னாரு?" என்று அதட்டினேன். அவள் காதில் வாங்கவில்லை. நடைபாதையில் நின்று அந்தப் பரு முகப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளில் முதல் தடவையாக அவள் குரல் உடைந்தது.

"அக்கா, நான் நல்லாத்தானே இருந்திருக்கேன்?"

"ஆமாடி! நல்லாத்தான்டி இருந்தே!" என்று கத்தினேன். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.