மரண பயக் கேள்வி

பேச்சைப் பதிவுசெய்யும்போது முதல் அரைமணி நேரத்தில் யாரும் தங்கள் சொந்தப் பேச்சைப் பேசுவதில்லை. மைக்கைப் பார்த்து, செய்திக்குப் பேட்டி கொடுப்பதுபோலப் பேசுவார்கள். அதை உடைப்பதற்கு மகிழினி வேலை செய்த மொழியியல் ஆய்வகத்தில் ஒரு கேள்வி வைத்திருந்தார்கள். செத்துவிடுவோம் என்று நீங்கள் நினைத்த நேரம் உண்டா? இதைக் கேட்டால் ஆள் மைக்கை மறந்துவிடுவார் என்று பேராசிரியர் சொல்லிக்கொடுத்திருந்தார். பேருந்தில் தொங்கியது, மின்சாரம் தாக்கியது என்று மாணவர்கள் விதவிதமான கதைகளைப் பதிவுசெய்து வருவார்கள்.

மகிழினி முதுகலை மாணவி. திருவொற்றியூர்க் கடலோரக் குப்பத்துப் பெண் என்பதால்தான் அவளுக்கு உதவியாளர் வேலை கிடைத்தது. வடசென்னைப் பேச்சைப் பதிவுசெய்ய வெளியாள் போனால் யாரும் வாய் திறப்பதில்லை. கடலுக்குப் போகிறவர்கள் தெருவில் அந்தக் கேள்வியைக் கேட்கலாமா என்று அவள் யோசிக்கவில்லை.

கெங்கம்மா அவள் அம்மாவின் கூட்டாளி. மகிழினிக்குப் பெரியம்மா முறை. தண்டையார்பேட்டையில் மீன் விற்பவள். அவள் வீட்டில்தான் பதிவு நடந்தது. படிப்புக்குத்தானே என்று சொல்லி ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டாள். சத்தம் விழக்கூடாதென்று மகிழினி மின்விசிறியை நிறுத்தினாள்.

"காத்தாடிய நிறுத்தி வேர்க்க வுட்டுப் பேசச் சொல்றியே, போலீஸ் டேசனே தேவலாம் மே."

கேள்வி வந்ததும் சிரிப்பு நின்றது. தனக்கில்லை, தன் தம்பிக்குத்தான் என்று கெங்கம்மா ஆரம்பித்தாள். எண்ணூர் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்த கதை குப்பம் முழுக்கத் தெரிந்ததுதான். படகில் இரண்டு பேர். தம்பி அப்பாவு கரையேறினான். கூடப் போன வெற்றி என்பவனை அலை கொண்டுபோனது. மீதியைக் கெங்கம்மா அன்றுதான் சொன்னாள்.

"மஞ்ச மூக்கு போட்டு கவுந்துச்சில்ல, வெற்றி இவன் கால புட்ச்சிக்கினான். ரெண்டு பேரும் பூடுவோம்னு ஒதச்சி வுட்டேன்க்கான்னு எங்கிட்ட மட்டும் வந்து அழுதான். அத்தோட கடலுக்கே போல."

அப்பாவு இப்போது ஒரு கிடங்கில் காவலாளி. வெற்றியின் அம்மா பவுனம்மாள், சந்தையில் கெங்கம்மாவுக்குப் பக்கத்தில் கூடை வைப்பவள். இரண்டு பேரும் ஒரே ஷேர் ஆட்டோவில் போய் ஒரே ஆட்டோவில் திரும்புவார்கள். சொல்லி முடித்த கெங்கம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, காத்தாடியைப் போடச் சொன்னாள்.

பேராசிரியர் அந்தப் பகுதியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். இவ்வளவு இயல்பான பேச்சு இந்த ஆய்வகத்துக்கு வந்ததில்லை என்றார். இணையதளத்தில் மாதிரிக்கு வைக்க முடிவானது. பெயர்களை மறைப்பது மகிழினியின் வேலை. வெற்றி, அப்பாவு என்று வந்த இடங்களில் எல்லாம் ஒரு கூவல் ஒலியைப் பொருத்தினாள். மஞ்ச மூக்கு என்ற இடத்தில் கை நின்றது. அது அந்தப் படகின் பட்டப்பெயர். படகுக்குப் பதிவு எண் இருக்கும், எழுதிய பெயர் இருக்கும். குப்பத்தில் கூப்பிடுவது இப்படித்தான். படகைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரி. ஆனால் ஆட்களின் பெயரை மறைக்க வேண்டும் என்றுதான் விதி இருந்தது. எல்லோரும் அவளைச் சுற்றி நின்று பாராட்டிக்கொண்டிருந்தார்கள். இந்தத் தளத்தைக் குப்பத்தில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று அப்படியே விட்டுவிட்டாள்.

நம்ம ஏரியாப் பேச்சு ஆராய்ச்சியில் வந்திருக்கிறது என்று யாரோ பெருமையாக வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அது மூலக்கொத்தளம் வரை சுற்றிவிட்டு, பவுனம்மாளின் இளைய மகன் விமலின் போனுக்கு வந்தது. மஞ்ச மூக்கு என்றதுமே அவனுக்கு யார் கதை என்று தெரிந்துவிட்டது.

தளத்திலிருந்து பதிவை எடுத்துவிட்டார்கள். போன்களிலிருந்து எடுக்க முடியவில்லை. அப்பாவு வீட்டுக்கு வராமல் கிடங்கிலேயே படுத்துக்கொண்டான். கெங்கம்மா வியாபாரத்துக்குப் போகவில்லை. மகிழினியின் அம்மா சாப்பாட்டுத் தட்டை அவள் முன்னால் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பவுனம்மாள் மகிழினி வீட்டுக்கு வந்தாள். மகிழினி எழுந்து நின்றாள். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. பவுனம்மாள் திட்டவில்லை.

"நடுவுல நடுவுல கூ கூன்னு கத்துதே, அங்க என் புள்ள பேருதான கீது?"

"ஆமா அத்தே."

"அத்த எட்த்துட்டு போட்டுக் காட்டு. கடைசில அவன் இன்னா பண்ணான்னு நான் முழுசா கேக்கணும்."

பெயர்களை மறைக்காத பதிவு மகிழினியின் மடிக்கணினியில் இருந்தது. கெங்கம்மா பெரியம்மாவைக் கேட்காமல் போடக்கூடாது, அது ஆய்வகத்தின் விதி என்றாள் மகிழினி. சொல்லும்போதே அது எவ்வளவு பொருத்தமில்லாத பேச்சு என்று அவளுக்குத் தெரிந்தது.

"ஊருக்குப் போட சொல்லோ கேட்டியா?" என்றாள் பவுனம்மாள். பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டாள்.

கெங்கம்மா வீட்டில் காலி மீன்கூடை சுவரோரம் கவிழ்த்துக் கிடந்தது. படகின் பெயரைக் கேட்டும் விட்டுவிட்டேன், தெரிந்துதான் விட்டேன் என்று மகிழினி சொன்னாள். கெங்கம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் மெசினுக்கா சொன்னேன்? உங்கிட்ட சொன்னேன்."

மகிழினி அழுதாள். கெங்கம்மா தேற்றவில்லை. பவுனம்மாள் என்ன கேட்டாள் என்று மட்டும் விசாரித்தாள். மகிழினி சொன்னாள்.  கெங்கம்மா எழுந்து முகம் கழுவி, தலையை முடிந்துகொண்டாள்.

"அவ மெசின்ல கேக்க வேணாம். நானே சொல்றேன். நீயும் வா. போன இங்கியே வெச்சிட்டு வா."

மகிழினி போனை வைத்தாள். கெங்கம்மா அவள் கை காலியா என்று பார்த்துவிட்டுத்தான் படியிறங்கினாள்.

பவுனம்மாள் கதவைத் திறந்து கெங்கம்மாவைப் பார்த்தாள். ஒதுங்கி வழிவிட்டாள். மகிழினியை உள்ளே கூப்பிடவில்லை. கதவு முழுதாகச் சாத்தப்படவில்லை.

உள்ளே யாரோ நாற்காலியை இழுத்தார்கள். பிறகு கெங்கம்மாவின் குரல் வந்தது. "வெற்றி..." என்று தொடங்கி நின்றது. அந்த இடைவெளி நீளமாக இருந்தது. அதற்குப் பிறகு குரல் மிகவும் தாழ்ந்து தொடர்ந்தது. பதிவில் இப்படி இறங்கவில்லையே என்று மகிழினி கவனித்தாள். இங்கும் தான் ஆய்வகக் காதோடு கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அங்கிருந்து நகர்ந்தாள். தெருமுனையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையில் உறுமிக்கொண்டு நின்றன. வேறெதுவும் காதில் விழாத அளவுக்கு அவற்றின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.