மூன்று முறை கூப்பிட்ட பெயர்

1

இது என் கதை இல்லை. பீடோங் சந்தையில் திங்கட்கிழமை குணவதி என்னிடம் சொன்னது. கீரைக் கடையில் ஆரம்பித்தவள் மீன் கடை வருவதற்குள் முடித்துவிட்டாள். நானோ மூன்று நாளாக ஏழு வரைவு எழுதிக் கிழித்திருக்கிறேன். அதனால் இந்தக் கதையில் பொறாமைப்படும் முதல் ஆள் நான்தான்.

ஒரு தொடக்கம்: பாடாங் மேஹா தோட்டத்தின் செம்பனைகளுக்கு மேல் காலைப் பனி மெல்ல...

வேண்டாம். பனியைப் பார்க்க அன்றைக்கு யாருக்கும் நேரமில்லை.

2

குணவதியின் கணவர் இருளப்பன் முப்பது வருடம் தோட்டத்தில் மண்டோர், ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. போன மாதம் மூளையில் சிறிய அடைப்பு. கைகால் தப்பித்தது, பேச்சும் தப்பித்தது. ஆனால் போட்ட சீனியையே தேநீரில் திரும்பத் திரும்பப் போடுகிறார். சோதித்துப் பார்க்க மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

கேரன் என்ற உளவியலாளர் அட்டைகளைக் கொடுத்து அடுக்கச் சொன்னாள். எதைப் பார்த்து அடுக்குவது என்று சொல்லமாட்டாள். சரி, தப்பு மட்டும் சொல்வாள். இருளப்பன் நிறம் பார்த்து அடுக்கினார். சரி. நடுவில் அவள் சொல்லாமலே விதியை மாற்றி, வடிவம் என்று வைத்துக்கொண்டாள். அவள் தப்பு, தப்பு என்று சொல்லச் சொல்ல, அவர் நிறத்தையே பார்த்து அடுக்கினார். மனம் ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாறுகிறதா என்று பார்க்கும் சோதனை அது.

அடுத்து, ஒரு நிமிடத்தில் தெரிந்த பெண்களின் பெயர்களையெல்லாம் சொல்ல வேண்டும்.

"காளியம்மா, மருதம்மா, வாசுகி, லோகேஸ்வரி. லோகேஸ்வரி. லோகேஸ்வரி..."

நிமிடம் முடிந்தது. குணவதி என்ற பெயர் வரவே இல்லை.

(சோதனை அறைக்குள் மனைவியை விடமாட்டார்களே என்பீர்கள். விடவில்லை. கதவு சரியாகச் சாத்தவில்லை.)

3

லோகேஸ்வரியை எனக்கு எழுத வரவில்லை. நீண்ட கூந்தல் என்று எழுதியிருந்தேன். "அவளுக்கா? எலி வாலு அக்கா" என்றாள் குணவதி. அடித்துவிட்டேன்.

இருளப்பனுக்கு முதலில் பேசி வைத்த பெண் அவள். ஒரு நாள், மண்டோர் பெயர் கூப்பிட்டு ஆள் எண்ணும் காலைப் பெரட்டுக்கு வராமலே தைப்பிங் போய்விட்டாள். குணவதி அதற்குப் பிறகு வந்தவள். தோட்டத்தில் இல்லை, குருண் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள்.

சோதனை முடிந்த மூன்றாம் நாள் குணவதி அவரைக் கேட்டேவிட்டாள்.

"இத்தன வருஷம் சோறு போட்டவ பேரு வாயில வரலயா?"

அவர் யோசித்துத்தான் சொன்னாராம். "நீ பெரட்டுக்கு வந்ததே இல்லயே."

பெண்களின் பெயர் என்றதும் அவருக்கு வந்தது ஆள் கணக்கெடுக்கும் வரிசை. பதில் வராவிட்டால் மூன்று முறை கூப்பிட வேண்டும், பிறகு புத்தகத்தில் கோடு போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போகலாம். "அவ பதில் சொல்லல. கோடு போட கையில புக்கு இல்ல" என்றார்.

இதைக் கேட்டதும் குணவதி சமாதானமாகிவிட்டாள் என்று ஐந்தாம் வரைவில் எழுதினேன். பொய். வராமல் போனவளை இன்னும் கூப்பிடுகிறாரே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: அந்த வாயில் தன் பெயர் ஒரு தடவை வரவேண்டும்.

4

முடிவுகள்.

(அ) மறுபடி சோதிக்கும்போது அவர் முதலில் குணவதி என்கிறார். இனிப்பு அதிகம். அடித்தாயிற்று.

(ஆ) லோகேஸ்வரி ஒரு நாள் சந்தைக்கு வந்து... குணவதி என்னைக் கொன்றுவிடுவாள்.

(இ) வியாழக்கிழமை மறு சோதனை. என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன். அவள் கெம்போங் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அந்தப் பேரு வந்தா, கதவுக்கு வெளிய நின்னு நானே 'வந்துட்டேன்'னு சொல்லிருவேன்க்கா. அவரு அடுத்த பேருக்குப் போகட்டும்லா."

சோதனை கெட்டுவிடும் என்றேன். கெடட்டும் என்றாள். ஏழு வரைவிலும் இப்படி ஒரு வரி எனக்கு வரவில்லை.

இன்று வியாழன். சோதனை அறைக்கு வெளியே குணவதியோடு நானும் நிற்கிறேன். கதவு இன்றும் சரியாகச் சாத்தவில்லை. காளியம்மா, மருதம்மா, வாசுகி தாண்டியாயிற்று. லோகேஸ்வரியை இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். குணவதி வாயைத் திறக்கிறாள்.

அடுத்த பெயரை நான் எழுதப்போவதில்லை. கதவருகே இடம் இருக்கிறது, வந்து நின்று நீங்களே கேளுங்கள்.