சுவரில் மாட்டிப் பார்க்கக் கொடுத்த படம்

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறும் முன்பே பந்துசேன கிறீன் பாத் பூங்கா வேலியில் படங்களைக் கம்பியால் கட்டிக்கொண்டிருந்தார். யானைகள், தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள், மேளக்காரர்கள். வீட்டில் உலை கொதிப்பது இவர்களால்தான். வேலியின் நடுவில் மட்டும் பாய் அகலத்துக்கு ஓர் இடத்தைக் காலியாக விட்டார்.

"அங்கயும் ஒரு யானையைக் கட்டேன்" என்றான் பக்கத்து இடத்து லயனல். பத்து வருடமாக இருவரும் ஒரே தார்ப்பாயின் கீழ் மழைக்கு ஒதுங்குகிறவர்கள். "வெறும் வேலியை யாரு வாங்கப்போறா?"

"இன்னைக்குப் பதில் சொல்றேன்னு நோனா சொல்லியிருக்காங்க."

"அந்தப் பொண்ணு போன ஞாயிறும் இதைத்தான் சொல்லிச்சு."

பந்துசேன கம்பியை முறுக்கினார். அந்த இடத்துப் படம் யானைப் படம் அல்ல. நாடே சமையல் கேஸுக்கு வரிசையில் நின்ற வருடத்தில், தெருவில் சங்கிலி போட்டுக் கட்டிய சிலிண்டர்களின் பக்கத்தில் படுத்துத் தூங்கியவர்களில் அவரும் ஒருவர். அதைத்தான் வரைந்திருந்தார். நீலச் சிலிண்டர்களின் நீண்ட வரிசை, அவற்றின் ஊடே சங்கிலி. ஆள் ஒருவர்கூட இல்லை. ஒவ்வொரு சிலிண்டரின் முன்னும் ஒரு சோடிச் செருப்பு மட்டும். வரைந்து முடித்த அன்று தன் கையை நினைத்து அவருக்கே கொஞ்சம் கர்வமாக இருந்தது. மனைவி யசவதியிடம்கூட அதைச் சொல்லவில்லை.

அலுவலகங்களுக்கு உள்ளலங்காரம் செய்கிற ஷெனாலி என்ற இளம்பெண்தான் அந்த நோனா. இரண்டு வாரம் முன்பு அந்தப் படத்தின் முன் நெடுநேரம் நின்றாள். "ஒரு நிதிக் கம்பெனிக்கு, அங்கிள். வரவேற்பறைச் சுவர் பெருசு. மாட்டிப் பாத்துட்டுச் சொல்லட்டா?"

கேட்டால் கொடுப்பதுதான் அந்த வேலியோர வழக்கம். காசும் வாங்குவதில்லை, சீட்டும் எழுதுவதில்லை. ஒரு தடவை சுவரில் ஏறிவிட்ட படத்தை இறக்க யாருக்கும் மனசு வராது என்று அங்கே எல்லாரும் நம்பினார்கள். இன்னொன்றும் உண்டு: ஒருவர் சுவரில் இருக்கும் படத்துக்கு வேறொருவரிடம் காசு வாங்கக் கூடாது. வாங்கினவன் பெயர் வேலி முழுக்க நாறிவிடும்.

பதினொரு மணிபோலக் கண்டியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மூன்று வாரம் முன்பு இதே படத்தைப் பார்த்து, போன் நம்பரும் கொடுத்துவிட்டுப் போனவர். இந்த முறை மனைவியையும் அழைத்து வந்திருந்தார்.

"எங்க அந்தச் சிலிண்டர் படம்? எடுங்க. விலை பேச வரல, எடுத்துட்டுப் போக வந்தேன்."

யசவதி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு மூட்டு உடைந்து படுத்த படுக்கையாக இருந்தாள். அரசாங்க ஆஸ்பத்திரி, அறுவைக்குக் காசு கட்ட வேண்டியதில்லை. ஆனால் உள்ளே வைக்கிற செயற்கை மூட்டு கையிருப்பில் இல்லை, வெளியே வாங்கி அடுத்த வாரம் புதன்கிழமை கொண்டுவாருங்கள் என்றிருந்தார் டாக்டர். அதற்கு இன்னும் பத்து நாள்தான். தவறினால் வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும். பாதிக்காசு கடன் வாங்கியாயிற்று. மீதியை இந்தப் படம்தான் தரவேண்டும்.

பந்துசேன சற்றுத் தள்ளிப் போய் ஷெனாலிக்குப் போன் போட்டார். "நோனா, படத்துக்கு வேற ஆள் வந்திருக்காங்க. வேணாம்னா இப்பவே வந்து எடுத்துக்கிறேன்."

"ஐயோ அங்கிள், சுவர்லதான் இருக்கு. எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. கிட்டத்தட்ட முடிஞ்ச மாதிரிதான். இப்ப கேட்டா எப்படி?"

திரும்பி வந்து, படத்துக்கு வேறிடத்தில் பேசியாயிற்று என்றார். கண்டிக்காரர் மேலும் கீழும் பார்த்தார்.

"காசு வாங்கிட்டீங்களா?"

"இல்ல மாத்தயா."

"அப்புறம்?"

"சுவர்ல இருக்கு."

பெரியவருக்குப் புரியவில்லை. மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கார் திரும்பியதும் லயனல், "உனக்கு மூளை இருக்கா?" என்றான்.

"நீ வாங்கியிருப்பியா?"

லயனல் பீடியைப் பற்றவைத்தான்.

வீட்டில் யசவதி விட்டத்தைப் பார்த்தபடி எல்லாவற்றையும் கேட்டாள். "கேஸ் வரிசையிலயும் இப்படித்தான். கைக்குழந்தைக்காரிக்கு வழி, வயசானவருக்கு வழின்னு எல்லாருக்கும் விட்டுக்குடுத்துட்டு வெறுஞ் சிலிண்டரோட வந்தீங்க" என்றாள். திட்டவில்லை, சிரிக்கத்தான் பார்த்தாள். சிரித்ததில் இடுப்பு அசைந்து முகம் சுண்டிப்போயிற்று.

வெள்ளிக்கிழமை ஒரு வேன் சாரதி படத்தைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்து இறக்கினான். "அளவு பத்தலையாம். நோனா சொல்லச் சொன்னாங்க."

பந்துசேன ஷெனாலிக்குப் போன் செய்தார். எடுக்கவில்லை. அடுத்துக் கண்டிக்காரருக்குப் போட்டார். அவர் எடுத்தார், நல்லவிதமாகவே பேசினார். திரும்புகிற வழியிலேயே வேறு படம் வாங்கிவிட்டார்களாம்.

ஞாயிறன்று படத்தை வேலியில் கட்டும்போதுதான் லயனல் அதைக் கண்டான். சட்டத்தின் நான்கு பக்கத்திலும், சம தூரத்தில், குண்டூசி குத்திய ஓட்டைகள். இருவருக்கும் யாரும் சொல்லத் தேவையில்லை. காலண்டர் யானையைப் பெரிதாக்கும்போது அவர்களும் இப்படித்தான் ஊசி குத்தி, குறுக்கும் நெடுக்கும் நூல் கட்டி, கட்டம் கட்டமாகப் பார்த்து வரைவார்கள்.

"பாவிங்க. நூல் கட்டியிருக்கானுங்க" என்றான் லயனல். "வா, அந்தக் கம்பெனிக்குப் போவோம்."

"போய்? காவக்காரன்கிட்டச் சொல்லவா?" என்றார் பந்துசேன. அந்தச் செருப்புகள் ஒவ்வொன்றும் அவர் கண்ணால் பார்த்த செருப்புகள். யாரோ ஒருவன் கூலிக்கு அவற்றைக் கட்டம் கட்டமாக எண்ணி எடுத்திருக்கிறான்.

மாலை வெயில் சாயும் நேரத்தில் ஓர் இளம் தம்பதி வந்து நின்றார்கள். புது வீடு, வெறும் சுவர்கள் என்றார்கள். கணவன் சிலிண்டர் படத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான்.

"இதை நான் பாத்திருக்கேன். லோன் விஷயமா போன கம்பெனியில மாட்டியிருக்கு. அது இதைவிட ரெண்டு மடங்கு. கீழ பித்தளைத் தகட்டுல யாரோ ஒரு நோனாவோட பேரு. பரவாயில்ல, நல்லாத்தான் காப்பி எடுத்திருக்கீங்க."

"இதுதான் மாத்தயா அசல். நான் வரைஞ்சது."

அவன் கோபப்படவில்லை. தோளைத் தட்டிக்கூடக் கொடுத்தான். "எல்லாரும் அப்படித்தானே சொல்வாங்க. நாங்க காப்பின்னு தெரிஞ்சேதான் கேக்குறோம். காப்பி விலை சொல்லுங்க."

லயனல் எழுந்தான். பந்துசேன கையைக் காட்டி அவனை உட்காரச் சொன்னார். புதன்கிழமைக்கு முன் இன்னொரு ஞாயிறு இல்லை. ஒரு விலை சொன்னார், அவன் அதிலும் குறைத்தான், அவர் தலையசைத்தார். கடனோடு சேர்த்தால் மூட்டுக்கு ஒருவழியாகச் சரிக்கட்டலாம்.

மனைவி குனிந்து படத்தின் மூலையைப் பார்த்தாள். "இந்தப் பேரை மட்டும் எடுத்துருங்க அங்கிள். அசல்ல வேற பேரு இருக்கு. வர்றவங்க பாத்தாக் கேலி பண்ணுவாங்க."

பந்துசேன சாயப் பெட்டியைத் திறந்து நீலத்தைப் பிதுக்கினார். ஒரு சொட்டுக் கறுப்பு விட்டுக் குழைத்தார். மூலையின் நிறத்தோடு அப்படியே பொருந்தியது. சிறிய தூரிகையால் தன் பெயரின் கடைசி எழுத்திலிருந்து தொடங்கி முதல் எழுத்துக்கு வந்தார்.

"காய நேரமாகுமா? நாங்க பிலியந்தலை வரைக்கும் போகணும்" என்றான் கணவன்.

"இல்ல மாத்தயா, இப்பக் காஞ்சிரும்" என்று சொல்லிவிட்டு, பந்துசேன மண்டியிட்டு அந்த இடத்தில் வாயால் ஊதத் தொடங்கினார்.